கோவிந்தம்மா ஷூவைக் கழற்றிய காலை

பயிற்சிக் கூடத்தின் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் என் கண்ணில் பட்டது ஒரு ஜோடி ஷூ. சாரத்துக்கு அடியில், கோயில் வாசலில் விட்டுப் போகிற மாதிரி, இரண்டையும் ஒட்டி வைத்திருந்தது. சின்ன அளவு. எங்கள் கூடத்தில் அந்த அளவு ஷூ போடுகிறவள் ஒருத்திதான்.

கார்த்திகை முடியப்போகிற நாட்கள். ஓசூர்ப் பனியைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். தலைக்குத் துண்டு கட்டாமல் டீக்கடைக்குக்கூட யாரும் வர மாட்டார்கள். கம்பெனி பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டே ரோட்டில் ஊர்ந்து போகும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. சாரத்தின் மேல்பாதி கண்ணுக்கே தெரியவில்லை.

அண்ணாந்து பார்த்தேன். இரண்டாவது தட்டில் கோவிந்தம்மா நின்றிருந்தாள். தலையில் ஹெல்மெட் இருந்தது. உடம்பில் பெல்ட் இருந்தது. பெல்ட்டின் கொக்கியை மேல் பைப்பில் ஒழுங்காக மாட்டியிருந்தாள். காலில் மட்டும் ஒன்றுமில்லை.

"கோவிந்தம்மா, என்ன பண்றே அங்க? கீழ எறங்கு!"

அவள் திரும்பவில்லை. பலகையை விட்டு நகர்ந்து, குறுக்கே போகும் பைப்பின்மேல் வலது காலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு இடது காலையும் தூக்கி வைத்தாள். அவ்வளவுதான், இரண்டு காலும் ஒரே நேரத்தில் வழுக்கிவிட்டன. கொக்கி பைப்பில் உராய்ந்த சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. நான் போட்ட அலறலில் சமையல்கட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்களாம். அலறியது எனக்கு ஞாபகமில்லை.

பெல்ட் அவளைப் பிடித்துக்கொண்டது. அந்தரத்தில் ஆடிக்கொண்டே கீழே என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் ஊற்றியது, ஆனால் அது பயந்த முகமாக இல்லை.

"அக்கா, நான் குடிச்சிருக்கறனா? சொல்லுங்க, நான் குடிச்சிருக்கறனா?" என்று கேட்டாள்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதைச் சொல்ல, நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆள் புடிக்கிற அம்மா

இந்தத் தொடரில் இதுவரை லாரி, டிரெய்லர், கிரேன் என்று வண்டிகளைப் பற்றியே எழுதித் தள்ளிவிட்டேன். வண்டி ஓட்டும் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பது ஒரு மாதிரி சுலபம். ஸ்டியரிங்கைக் கண்டால் ஆசைப்படாத பிள்ளை இந்த ஜில்லாவில் இல்லை. கட்டட வேலைக்கு, அதிலும் சாரம் கட்டுகிற வேலைக்கு ஆள் சேர்ப்பது இருக்கிறதே, அது என் ஆயுளில் பாதியைத் தின்றுவிட்டது.

என் வேலைக்கு மொபிலைசர் என்று பெயர். சொந்த ஊரான பேரிகையில் எங்கள் வீட்டு ஆட்களுக்கே அதற்கு அர்த்தம் தெரியாது. ஊர்களில் என்னை 'ஆள் புடிக்கிற அம்மா' என்பார்கள். வயதுப் பையன் இருக்கிற வீடாகப் பார்த்து, கைப்பையும் கையுமாகப் போய் உட்காருவதால், பல வீடுகளில் கல்யாணத் தரகர் என்று நினைத்துக் காபி போட்டுக் கொடுத்துவிடுவார்கள். காபியைக் குடித்து முடித்த பிறகுதான் நான் விஷயத்துக்கு வருவேன். முன்னாலேயே சொல்லிவிட்டால் காபி வராது.

வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவள் நான். மூன்று மொழியிலும் ஒரே பதிலைக் கேட்டுவிட்டேன். அந்த வேலைக்குப் போனால் பையனுக்குப் பெண் கிடைக்காது.

அது பொய்யும் இல்லை. எங்கள் பக்கம் மாப்பிள்ளை விசாரிக்கிறவர்கள் இப்போது நிலத்தைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. "பையன ஏத்திக்கினு போக ஊருக்குள்ள கம்பெனி பஸ்ஸு வருதா?" என்று கேட்கிறார்கள். கழுத்தில் டேக் தொங்க வேண்டும், தெருமுனையில் பஸ் வந்து நிற்க வேண்டும். உள்ளே போய் அவன் நாள் முழுக்க டப்பாவுக்கு மூடி போட்டாலும் அவன் கம்பெனி மாப்பிள்ளை. கிரேன் ஓட்டிக் கௌரவமாகக் குடும்பம் நடத்துகிறவன் வெறும் 'கட்டட வேலக்காரன்'.

நாகரசம்பட்டியில் ஓர் அம்மா என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "சாரத்துல ஏத்தி கொல்றதுக்கா எம்புள்ளய பெத்து வச்சிருக்கறேன்? வேற ஊடு பாரும்மா." மாம்பழ சீசனாக இருந்தால் இப்படித் திட்டுவதற்குக்கூட வீட்டில் ஆள் இருக்காது. ஊரே தோப்பில் கிடக்கும்.

அதனால்தான் எங்கள் கூடத்துக்கும் யூனிஃபார்ம் வந்தது, டேக் வந்தது, ஒரு பழைய பஸ்ஸும் வந்தது. அந்த பஸ் ஊர்களுக்குள் போய் ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகு சேர்க்கை கூடியது. இத்தனை வருஷம் நான் தொண்டை கிழியப் பேசியதைவிட அந்த ஹாரன் நன்றாகப் பேசியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனாலும் பஸ்ஸைப் பார்த்துச் சேருகிறவன் சாரத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவான். வடக்கேயிருந்து ஆட்கள் வருவதால்தான் ஓசூரில் கட்டடங்கள் எழும்புகின்றன.

சிங்காரப்பேட்டையில் ஒரு கேள்வி

ஊத்தங்கரை தாண்டி, சிங்காரப்பேட்டைப் பக்கம் ஒரு மகளிர் குழுக் கூட்டத்துக்குப் பேசப் போயிருந்தேன். அம்மாக்களைப் பிடித்தால் பிள்ளைகள் வருவார்கள் என்பது என் கணக்கு. வழக்கமான பேச்சைப் பேசி முடித்தேன். தையல் இல்லையா, பியூட்டி பார்லர் இல்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பாதிப் பேர் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒருத்தி அப்போது எழுந்தாள். முப்பதைத் தாண்டியவள். நெற்றியில் பொட்டில்லை.

"பொம்பளைங்க சேரலாங்களா?"

"தாராளமா சேரலாம். ஹெவி வண்டி ஓட்ட இப்பகூட பொண்ணுங்க கத்துக்கறாங்க."

"வண்டிக்கில்லீங்க. சாரத்துக்கு."

பக்கத்தில் இருந்தவள் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. உனக்கென்னா பைத்தியமா புடிச்சிருக்குது?"

அவள் உட்காரவில்லை. "எங்க ஊட்டுக்காரரு சாரத்துலர்ந்து வுழுந்துதான் செத்தாரு. எப்படி வுழுந்தாருன்னு எனக்குத் தெரியணும். அதுக்கோசரம்தான் கேக்கறேன்," என்றாள்.

அவள்தான் கோவிந்தம்மா. ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று நான் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். குடும்பக் கஷ்டம் என்பார்கள், வெளிநாடு போக வேண்டும் என்பார்கள். இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவளோடு உட்கார்ந்து பேசினேன். அவள் கணவர் மாதையன் சாரம் கட்டுவதில் பேர்பெற்றவர். பெங்களூர்ப் பக்கம்தான் வேலை. எவ்வளவு உயரமானாலும் பெல்ட் மாட்டாமல், எதையும் பிடிக்காமல் நடந்து போவார் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்களாம். முந்தின வருஷம் ஒரு கார்த்திகைக் காலையில், மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அவர் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரி, உடலோடு ஒரு சேதியையும் ஊரில் இறக்கிவிட்டுப் போனார்: "ராத்திரி குடிச்சது எறங்கல. போதையிலயே ஏறிட்டான். ஷூவக்கூட கழட்டி போட்டுட்டு ஏறியிருக்கறான்னா பாத்துக்கோங்க."

ஊர் நம்பியது. நம்புவதற்கு அதனிடம் ஒரு காரணமும் இருந்தது. எத்தனையோ மாடி உயரத்தில் சர்வசாதாரணமாக நடந்தவன் மூன்றாவது மாடியிலிருந்து விழுவானா? நிதானத்தில் இருந்தால் விழவே மாட்டான், குடித்திருந்தால்தான் விழுவான். அந்த மனிதருடைய திறமையே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குடிப்பது உண்டு என்பதைக் கோவிந்தம்மா என்னிடம் மறைக்கவில்லை. "ஆனா வேலைக்கு போற அன்னைக்கி தொடமாட்டாருக்கா. சாரம்னா அவருக்கு சாமி," என்றாள்.

மேஸ்திரியின் பேச்சை எல்லோரையும்விட அழுத்தமாக நம்பியவர் மாதையனின் அம்மா குப்பம்மா. மகன் படத்தை வீட்டில் மாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். "குடிச்சிட்டு செத்தவனுக்கு மால ஒரு கேடா?" என்பாராம். பள்ளிக்கூடத்தில் கோவிந்தம்மாவின் மகளையும் பிள்ளைகள் இதைச் சொல்லியே கேலி செய்திருக்கிறார்கள். இனிமேல் பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன் என்று அந்தக் குழந்தை அழுத நாளில்தான் நான் அந்த ஊருக்குப் போயிருக்கிறேன்.

ஆள் சேர்ப்பதே தொழிலாக இருந்தும், அன்றைக்கு நான் அவளிடம் வேண்டாம் என்றேன். சாரம் வேண்டாம், வண்டி கற்றுக்கொள் என்றேன்.

"அப்ப எதுக்குக்கா இவ்ளோ தூரம் வந்து எங்க புள்ளைங்கள கூப்புடறீங்க?" என்றாள்.

கைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தேன். அவளைச் சேர்த்துக்கொண்டேன். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓசூருக்கு வந்து எங்கள் ஹாஸ்டலில் தங்கினாள்.

செருப்புக் காலோடு ஏறாதவர்கள்

இந்த இடத்தில் சாரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

பேரிகையில் எங்கள் வீட்டு மாடிக்குப் பூச்சு வேலை நடந்தபோது சவுக்குக் கம்பிலும் தென்னங்கயிற்றிலும்தான் சாரம் கட்டினார்கள். முதல் கம்பை நட்டதும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தச் சாரத்தில் செருப்புக் காலோடு ஒருவரும் ஏறவில்லை. பூச்சு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க என் கொழுந்தனார் செருப்போடு ஓர் அடி ஏறிவிட்டார். மேஸ்திரி கோபித்துக்கொண்டு அன்று மத்தியானம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

இதில் பக்தி மட்டும் இல்லை. சவுக்குக் கம்பில் வெறுங்காலோடு நடப்பதுதான் பத்திரம். கால்விரல்கள் கம்பையும் கயிற்று முடிச்சையும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த ரப்பர்ச் செருப்புக்கு அது முடியாது.

மாதையன் அந்த வழியில் வந்தவர். பெரிய கட்டடங்களில் இப்போது இரும்புப் பைப்புதான். கம்பெனி கொடுக்கிற ஷூவைச் சாரத்தடி வரைக்கும் போட்டுக்கொண்டு வந்து, அங்கே கழற்றி வைத்துவிட்டு, பைப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எங்கள் கூடத்திலேயே ஒவ்வொரு பேட்ச்சிலும் முன்னமே சாரம் கட்டிப் பழகிய ஓர் ஆளாவது முதல் நாள் அப்படிச் செய்வான். உடனே ஞானராஜ் சாரின் விசில் கேட்கும்.

ஞானராஜ் சார் சாரம் சொல்லிக்கொடுப்பவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வளைகுடா நாடுகளில் பல வருஷம் எண்ணெய் ஆலைகளுக்குச் சாரம் கட்டிவிட்டு வந்தவர். முதல் நாள் தப்புக்கு விசில். அதற்குப் பிறகு ஷூ, பெல்ட், ஹெல்மெட் இவற்றில் எது இல்லாமல் ஏறினாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். நான் வெயிலில் அலைந்து, கால் தேய்ந்து கொண்டுவந்த ஆட்களை அவர் இப்படித் திருப்பி அனுப்பும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறோம்.

"நீங்க ஆளக் கொண்டாறீங்க மேடம். நான் அவன உசுரோட வீட்டுக்கு அனுப்புதேன். அவ்வளவுதான் வித்தியாசம்," என்பார். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை.

கோவிந்தம்மாவைச் சாரத்தில் ஏற்ற முதலில் அவருக்கும் தயக்கம்தான். ஆனால் அவள் கேட்ட கேள்விகள் அவரைப் பிடித்துக்கொண்டன. பைப்புகளைப் பிணைக்கிற கிளாம்ப்பை மாட்டக் கற்றுக்கொடுத்தால், "இது தளந்துபோனா ஆளு எந்தப் பக்கம் வுழுவாங்க சார்?" என்பாள். பலகை போடச் சொன்னால், "இது நகுந்தா எப்படி வுழுவாங்க?" என்பாள். மாதையனோடு வேலை செய்தவர்களிடம் அவள் ஏற்கெனவே விசாரித்திருந்தாள். பலகை நகரவில்லை, கிளாம்ப் கழலவில்லை என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் குடிதான் மிஞ்சுமோ என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது. அந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஹாஸ்டல் சமையல்காரம்மா என்னிடம் சொன்னார்.

அப்புறம்தான் அந்தக் காலை.

பெட்டியைக் கட்டு

கோவிந்தம்மாவைக் கீழே இறக்கி உட்காரவைத்தோம். முழங்கை சிராய்த்திருந்தது. ஞானராஜ் சார் வந்தார். ஷூவைப் பார்த்தார், அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் குரல் எழும்பவே இல்லை.

"போய் பெட்டியக் கட்டு."

"சார், ஒரு நிமிசம் கேளுங்க. நேத்து காலையில சாரத்தடிய கூட்டறப்ப பைப்ப தொட்டேன். பனியில எண்ண தடவுன மாதிரி இருந்துச்சி. சவுக்குக் கம்புல பனி ஊறிப்போயிடும், பைப்புல ஊறாது, மேலயே நிக்கிது. அவரு எப்பவும்போல கழட்டிட்டுத்தான் ஏறியிருப்பாரு. பைப்பு சாரம் அவருக்கு அப்பதான் புதுசு. அதான் நானும் ஏறிப் பாத்தேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்லா? வழுக்கும்னு நான் சொல்லியிருப்பேனே."

"நீங்க சொல்லியிருப்பீங்க சார். ஊர்ல யாரு நம்புவாங்க? வுழுந்து பாத்தாதான் எனக்கே நம்பிக்க வரும்."

ஞானராஜ் சார் கொஞ்ச நேரம் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். அவர் மனம் இளகிவிட்டது என்று நான் நினைத்தேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

"வீட்டுலேர்ந்து ஆள வரச் சொல்லு. அவங்க கையில ஒன்ன ஒப்படைச்சாத்தான் எனக்கு நிம்மதி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி இருந்தது. ஒரு குழந்தைக்குத் தாயான பெண்ணிடம் வீட்டிலிருந்து ஆளைக் கூட்டி வா என்றால் அவள் யாரைக் கூட்டி வருவாள்? மாமியாரைத்தான். இவளை எப்போது திரும்ப வரவழைக்கலாம் என்று காத்திருக்கும் மாமியாரை. நான் ஆபீஸ் அறைக்குப் போய் அவரோடு சத்தம் போட்டேன். அவர் கேட்டுக்கொண்டார், மாற்றிக்கொள்ளவில்லை.

அவள் ஊருக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கணவன் எப்படி விழுந்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னால் நம்ப அங்கே ஒருவர் இல்லை. கையில் தொழிலும் இல்லாமல், பேச்சுக்கு மதிப்பும் இல்லாமல் அதே வீட்டில் போய் உட்கார வேண்டும்.

குப்பம்மா வந்தார்

மறுநாள் சாயங்காலம் குப்பம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். மெலிந்த உடம்பு. பேச்சில் மட்டும் மெலிவில்லை.

"நான் அப்பவே தலபாடா அடிச்சிக்கினேன். ஆம்பளைங்க வேல இவளுக்கு எதுக்குன்னு. கேட்டாளா? காலையில மொத பஸ்ஸுக்கு கூட்டிக்கினு போயிடறேன் கண்ணு," என்றார் என்னிடம்.

ஹாஸ்டலில் ராகிக் களி போட்டிருந்தார்கள். தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். மருமகள் தண்ணீர் கொண்டுவரப் போனபோது, கேட்கலாமா கூடாதா என்று யோசித்து, கேட்டேவிட்டேன். பெற்ற பிள்ளையைப் பற்றி எவனோ சொன்னதை எப்படியம்மா நம்பினீர்கள்?

அவர் களியை உருட்டினார். வாயில் போடவில்லை.

"நம்பலன்னா அழுகணுமே கண்ணு. கோவத்துல இருந்தா அழுக வராது. குடிகாரப் பயன்னு திட்டிக்கினே ஒரு வருசத்த ஓட்டிட்டேன். இல்லன்னா நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன்."

அந்தப் பெண்மணியின் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. மருமகள் தண்ணீரோடு வந்ததும் அவர் மறுபடி விறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலும் பனி இறங்கியிருந்தது. பேட்ச் ஆட்கள் யார்டில் வரிசையாக நின்றிருந்தார்கள். கோவிந்தம்மா பெட்டியோடு வந்து ஓரமாக நின்றாள். குப்பம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஞானராஜ் சாருக்கு எதிரே வந்து நின்றார்.

"ஒங்க மருமவ ஷூவக் கழட்டிப் போட்டுட்டு சாரத்துல ஏறியிருக்கா. பெல்ட்டு மட்டும் இல்லன்னா இன்னைக்கி நீங்க வேற காரியத்துக்கு வந்திருப்பீய," என்றார் அவர்.

"செருப்ப கழட்டிட்டு ஏறுனது ஒரு தப்பா? எம்புள்ளயும் எப்பவும் கழட்டிட்டுத்தான் ஏறுவான். ஊட்டு ஓடு மாத்த ஏறுனாகூட கழட்டிட்டுத்தான் ஏறுவான்," என்றார் குப்பம்மா வெடுக்கென்று.

"எப்பவுமா?"

"எப்பவும்தான். அது வேலைக்கு குடுக்கற மருவாத."

கோவிந்தம்மா பெட்டியைக் கீழே வைத்தாள். "அத்தே, அப்ப குடிச்சதால கழட்டல இல்ல?" என்று கேட்டாள்.

குப்பம்மா மருமகளைத் திரும்பிப் பார்த்தார். போதைக்கு அடையாளம் என்று மேஸ்திரி காட்டியது அந்த ஷூவைத்தான். ஒரு வருஷமாக அவர் காதில் ஒலித்துக்கொண்டிருந்த பேச்சு அது. தன் பிள்ளையின் பழக்கம் தெரிந்த தாய், அதை இதோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை.

"இங்க வாங்கத்தே. இத தொட்டுப் பாருங்க."

சாரத்தின் அடிப் பைப் கணுக்கால் உயரத்தில் கிடந்தது. குப்பம்மா கிட்டே போனார். சாரத்துக்கு முன்னால் வந்ததும், யாரும் சொல்லாமலே, தன் செருப்புகளைக் கழற்றி விட்டார். கையால் தொடவில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலை அந்தப் பைப்பின் மேல் வைத்து அழுத்தினார். கால் சரட்டென்று வழுக்கியது. கோவிந்தம்மா தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் மருமகளின் கையை விலக்கிவிட்டு மறுபடியும் காலை வைத்தார். மறுபடியும் வழுக்கியது.

"நிக்கவே மாட்டேங்குதே," என்றார்.

பைப்பிலிருந்து பனித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப எம்புள்ள வேலைக்குத்தான்டி போயிருக்கான்," என்றார் மருமகளிடம்.

கோவிந்தம்மா தலையை ஆட்டினாள். குப்பம்மா அந்தப் பைப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். மார்பில் அடித்துக்கொண்டு, பிள்ளையின் பேரைச் சொல்லி, ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதார். யார்டில் நின்றவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். நானும் அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

இது எந்தக் கோர்ட்டிலும் நிற்காது என்று எனக்குத் தெரியும். மாதையன் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை, இனிமேல் பார்க்கவும் முடியாது. ஆனால் கேள்வி அந்த வீட்டில்தான் இருந்தது. பதிலும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று எனக்குப் பட்டது.

அழுகை ஓய்கிற வரைக்கும் ஞானராஜ் சார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கோவிந்தம்மா, ஷூவ மாட்டிட்டு வா. பேட்ச் காத்துக்கிட்டு நிக்கி," என்றார். பெட்டியைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை.

அவள் ஹாஸ்டலுக்கு ஓடிப்போய் ஷூவை மாட்டிக்கொண்டு வந்தாள். வந்த அவசரத்தில் கயிற்றைக்கூடக் கட்டவில்லை. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

குப்பம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நேராக மருமகளிடம் போனார். மொத பஸ், மொத பஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது எங்கள் எல்லோர் முன்னாலும் அவள் காலடியில் குந்தி உட்கார்ந்தார். கோவிந்தம்மா பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

"ஐயோ அத்தே, என்னா பண்றீங்க? என் கால தொடாதீங்க!"

"ஆடாம நில்லுடி."

ஷூவோடு சேர்த்து அவள் காலை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். ஷூக் கயிறு கட்டிப் பழகிய கை இல்லை அது. வைக்கோல் கட்டுக்குப் போடுகிற முடிச்சைத்தான் போட்டார், போட்டு இழுத்து இறுக்கினார். பிறகு அடுத்த காலையும் வாங்கிக் கட்டினார். மருமகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்தார்.

"ம், இப்ப ஏறு," என்றார்.